நாய்க்கு இன்சூரன்ஸ்: எவ்வளவு தொகைக்குப் போடுவது?

சந்தேகங்களும் விளக்கங்களும்

விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு நாய் புதிதல்ல. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று இரண்டு நாயினங்கள் இந்த மாவட்டத்து ஊர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்று ராஜபாளையம். இன்சூரன்ஸும் இங்கே புதிதல்ல. குடோனுக்கு, லாரிக்கு, வேலையாட்களுக்கு என்று பாலிசி எடுத்துப் பழகிய வட்டாரம் இது. இரண்டும் சேர்ந்து ‘நாய்க்கு இன்சூரன்ஸ்’ என்று வரும்போதுதான் தயக்கம் வருகிறது. பட்டாசு ஊரான சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் நாய் வளர்ப்போருக்கு எழக்கூடிய சந்தேகங்களையும் அவற்றுக்கான விளக்கங்களையும் கீழே பார்க்கலாம்.

*எங்கள் வீட்டில் இரண்டு வயது லேப்ரடார் கடுவன் இருக்கிறது. ஐம்பதாயிரம், ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று ஏஜென்ட் மூன்று தொகை சொல்கிறார். எதை எடுப்பது?*

மூன்றில் ஒன்றைத் தொடுவதற்கு முன், உங்கள் நாயை வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த நாய்க்கு அடுத்த ஓராண்டில் வரக்கூடியவற்றில், ஒரே தடவையில் அதிகம் செலவு வைப்பது எது? அதற்கு எவ்வளவு ஆகும்?” லேப்ரடாருக்கு அவர் சொல்லும் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: பைக்கில் அடிபட்டுத் தொடை எலும்பு முறிந்து பிளேட் வைப்பது, மாங்கொட்டையையோ துணியையோ விழுங்கிக் குடல் அடைத்து அறுவை சிகிச்சை செய்வது, உண்ணிக் காய்ச்சலில் இரத்த அணுக்கள் சரிந்து பல நாள் டிரிப்ஸ் ஏற்றுவது, இரத்தம் கொடுப்பது. பெட்டையாக இருந்து கருத்தடை செய்யாமல் விட்டிருந்தால், நடுவயதுக்கு மேல் கருப்பையில் சீழ் கட்டுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது, கருப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தச் செலவை இரண்டு விதமாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டாஸ்பத்திரி என்று நம் ஊரில் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனையிலோ, திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ செய்தால் எவ்வளவு? மதுரையில் தனியாரிடம் செய்தால் எவ்வளவு? இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர், திருநெல்வேலி சுமார் 100 கிலோமீட்டர். நடுராத்திரியில் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள் என்பதைப் பகலில் யோசித்து வையுங்கள். நீங்கள் உண்மையில் எங்கே போவீர்களோ, அந்த இடத்தின் செலவுதான் உங்கள் கணக்குக்கு அடிப்படை. வாடகைக் காருக்கு ஆகும் செலவைப் பாலிசி தரும் என்று நம்பிவிட வேண்டாம்.

அந்தப் பெரிய பில்லில், யாரிடமும் கடன் வாங்காமல், நகையை அடகு வைக்காமல் உங்கள் கையிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்று பாருங்கள். மீதிதான் நீங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலையில் வைக்க வேண்டிய சுமை. நாய் வாங்கிய விலையோ, அதன்மேல் வைத்திருக்கும் பாசமோ, பக்கத்து வீட்டார் எடுத்த தொகையோ இந்தக் கணக்கில் வரக் கூடாது. பாசத்தை அளந்து தொகை எடுப்பவர் ஒவ்வோர் ஆண்டும் தேவைக்கு மேல் பிரீமியம் கட்டி, மூன்றாம் ஆண்டு அலுத்துப்போய் புதுப்பிக்காமல் விடுகிறார். நாய்க்கு வயதாகி நோய் வரும் நேரத்தில் பாலிசி இருக்காது.

*அப்படியானால் தொகை கூடுதலாக இருந்தால் நல்லதுதானே? ஒரு லட்சம் எப்படியும் ஐம்பதாயிரத்தைவிடப் பாதுகாப்புதானே?*

இல்லை. பாலிசி பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உள்ளே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது உள்வரம்பு. மொத்தத் தொகை ஒரு லட்சம் என்று இருக்கும். ஆனால் ‘ஒரு அறுவை சிகிச்சைக்கு மொத்தத் தொகையில் இத்தனை சதவீதம் வரை’, ‘ஒரு நோய்க்கு இத்தனை வரை’, ‘ஒரு நாள் படுக்கைக்கு இத்தனை வரை’ என்று கீழே பிரித்திருப்பார்கள். இரண்டாவது கோ-பே: ஒவ்வொரு பில்லிலும் இத்தனை சதவீதம் உங்கள் பங்கு. மூன்றாவது டிடக்டபிள்: முதல் இத்தனை ரூபாய் எப்போதும் உங்களுடையது, அதற்கு மேல்தான் நிறுவனம்.

கணக்குக்காக ஒரு பில் எடுத்துக்கொள்வோம். கால் எலும்பு அறுவை சிகிச்சை, ஸ்கேன், தங்கல் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். ‘அ’ பாலிசி ஒரு லட்சத்துக்கு. ஆனால் ஸ்கேன், தங்கல் உட்பட ஒரு அறுவை சிகிச்சைக்கு உள்வரம்பு 30 சதவீதம். ‘ஆ’ பாலிசி ஐம்பதாயிரத்துக்குத்தான். உள்வரம்பு இல்லை, கோ-பே 20 சதவீதம். ‘அ’ தருவது 30,000 ரூபாய். ‘ஆ’ 60,000-இல் 20 சதவீதமான 12,000-ஐக் கழித்துவிட்டு 48,000 தருகிறது. பெரிய எண் போட்ட பாலிசிதான் இங்கே பாதிச் செலவை உங்கள் தலையில் வைக்கிறது. அதனால் ஏஜென்டிடம் “எவ்வளவு கவர்?” என்று கேட்காதீர்கள். “60,000 ரூபாய்க்கு ஒரு ஆபரேஷன் பில் கொண்டுவந்தால் என் கையில் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்குங்கள். இந்த ஒரு கேள்வி போதும், பத்திரத்தின் பாதி விவரம் வெளியே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சொல்லும் தொகை ஓராண்டுக்கு. ஒரு க்ளெய்ம் வாங்கினால் அந்த ஆண்டின் மீதித் தொகை அந்த அளவு குறையும். விபத்துக்காக மட்டும் யோசிப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. தோல் நோய், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை என்று மாதாமாதம் செலவு வைக்கும் நோய்களில்தான் கடிக்கும். அந்த நோய்களுக்கான வெளிநோயாளர் செலவைப் பல பாலிசிகள் அடிப்படையில் தருவதில்லை; தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

*இந்தியாவில் இது எப்போது வந்தது? நம்பலாமா?*

ஸ்வீடனில் 1924-லேயே நாய்க்குப் பாலிசி கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-இல் முதல் பாலிசி, தொலைக்காட்சியில் லாஸியாக நடித்த நாய்க்கு எழுதப்பட்டது. நம் நாட்டில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, ஓரியண்டல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் மாடு, ஆடு பாலிசிகளின் வரிசையில் நாய்க்கும் பாலிசி வைத்திருந்தன. அவற்றின் அடிப்படை, நாய் இறந்தால் பணம் என்பது. ஆஸ்பத்திரிச் செலவைத் தரும் பாலிசி பரவலாகப் பேசப்பட்டது, 2020-இல் பஜாஜ் அலையன்ஸ் நாய்களுக்கான பாலிசியைக் கொண்டுவந்த பிறகுதான். அதற்குப் பிறகு வேறு தனியார் நிறுவனங்களும் வந்துவிட்டன. ஆகவே ‘நாய் இன்சூரன்ஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்குகள் விற்பனையில் இருக்கின்றன. ஒன்று உயிர் போனால் பணம். மற்றது உயிரைக் காப்பாற்றப் பணம். எதை வாங்குகிறீர்கள் என்பது கையெழுத்துப் போடுமுன் தெரிந்திருக்க வேண்டும்.

*ராஜபாளையம் குட்டியை நல்ல விலை கொடுத்து வாங்கினோம். இறந்தால் அந்த விலை முழுதும் கிடைக்குமா?*

இறப்புக்கான தொகையைப் பொதுவாக நாயின் சந்தை விலையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஒரு லட்சத்துக்கு எழுதிவைத்து, நாயின் விலை இருபதாயிரம் என்று மதிப்பிடப்பட்டால் இருபதாயிரம்தான் வரும். கூடுதல் தொகைக்குக் கட்டிய பிரீமியம் வீண். விலைக்கு ஆதாரமாக வாங்கிய ரசீது, கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று, மருத்துவரின் மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றை வைத்திருங்கள். இங்கே தெரிந்தவர் வீட்டில், வாய்ப்பேச்சில் பணம் கொடுத்துக் குட்டி வாங்குவதுதான் வழக்கம். பிறகு விலையை நிரூபிக்க முடியாது.

ராஜபாளையத்தில் இன்னொரு கவனம் தேவை. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் இந்த இனத்தில் பிறப்பதுண்டு. பிறவிக் குறைபாடுகள் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. குட்டி வாங்கும்போதே, அது பார்க்காத பக்கத்திலிருந்து கைதட்டிப் பாருங்கள். மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பாலிசி இதற்கு உதவாது.

என் கருத்தைச் சொல்வதானால், வீட்டு நாய்க்கு இறப்புத் தொகை அத்தனை முக்கியமில்லை. அந்தப் பிரீமியத்தையும் சேர்த்து ஆஸ்பத்திரிச் செலவுக்கான தொகையைக் கூட்டிக்கொள்வதே நல்லது. நாயை விற்றோ குட்டி போடவைத்தோ பிழைப்பவருக்குக் கணக்கு வேறு. ஆனால் இனப்பெருக்கத் தொழிலுக்கு வளர்க்கும் நாயைச் சாதாரண செல்லப்பிராணிப் பாலிசியில் எழுதினால் க்ளெய்ம் தள்ளுபடி ஆகலாம்.

*எங்கள் நாய் கம்பெனி குடோனில்தான் இரவில் படுக்கும். காவலுக்கு வைத்திருக்கிறோம். வீட்டு நாய் என்று எழுதலாமா?*

எழுதக் கூடாது. வணிகக் காவலுக்குப் பயன்படும் நாயைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. நாய் எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் தவறான பதில் எழுதினால், உண்மையை மறைத்ததாகச் சொல்லி எந்தக் க்ளெய்மையும் மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். நாய் குடோனில் தீக்காயம் பட்டிருக்கும்; பாலிசியில் முகவரி வீடு என்று இருக்கும். ஆய்வாளர் வந்து கேட்கும் முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வீர்கள். காவல் நாய் என்று சொல்லி, அதற்கு என்ன பாலிசி தருவார்கள் என்று கேளுங்கள்.

பட்டாசுக்கான கருமருந்து கையாளும் இடத்தில் நாயை உலவ விடுவதே சரியல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆபத்து இருக்கும் அறைக்கு அருகில் நாயைக் கட்டிவைத்தால், ஏதாவது நடந்தால் அதற்கு ஓடவும் வழியில்லை.

*தீபாவளிக்கு மட்டுமல்ல, ஆண்டு முழுக்கவே இங்கே வெடிச் சத்தம் கேட்கும். சத்தத்தில் மிரண்டு ஓடி அடிபட்டால், காணாமல் போனால், பட்டாசைக் கடித்துத் தின்றுவிட்டால் பணம் வருமா?*

மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

மிரண்டு ஓடி வண்டியில் அடிபட்டால் அது விபத்து. விபத்தால் வரும் அறுவை சிகிச்சை, தங்கிச் சிகிச்சை பெறுதல் ஆகியவை சிகிச்சைப் பிரிவில் பொதுவாக அடங்கும். மிரட்சிக்கே மருத்துவம் பார்ப்பது, நடத்தைப் பயிற்சி கொடுப்பது போன்றவை பெரும்பாலும் அடங்காது.

காணாமல் போவது வேறு பிரிவு. சில நிறுவனங்கள் திருட்டு, தொலைந்துபோதல் இரண்டையும் சேர்த்தும், சில தனிப் பணத்துக்கும் தருகின்றன. இங்கே காவல் நிலையப் புகார், தேடியதற்கான விளம்பரம் போன்ற ஆதாரங்களைக் கேட்பார்கள். கதவைத் திறந்துவிட்டு, நாளை வந்துவிடும் என்று ஒரு வாரம் காத்திருந்தால், புகார் தாமதம் என்று சொல்லி நிறுத்துவார்கள்.

பட்டாசு தின்பது அவசரம். பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள் என்று பல பொருட்கள் அதில் இருக்கும். பேரியம் உப்பு கலந்திருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து தசைகள் தளர்ந்துபோகும், இதயத் துடிப்பும் தடுமாறும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கிடைத்த உறையையும் மிச்சத்தையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். என்ன தின்றது என்று அவருக்குத் தெரிய அதுதான் வழி. பிறகு க்ளெய்முக்கும் அதுவே சாட்சி. நச்சுப் பொருள் தின்றதைப் பாலிசி ஏற்குமா, அல்லது உரிமையாளரின் கவனக்குறைவு என்று விலக்குமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர் இதைக் கேட்க மறக்கலாம், நாம் மறக்கக் கூடாது.

தீபாவளியன்று தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் வெடிக்க அனுமதிக்கும் ஏற்பாடு, 2018-இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு முன்பே நாயை வெளியே கூட்டிப்போய்விட்டு வந்து, உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும்.

*நாய் யாரையாவது கடித்துவிட்டால்?*

நாய் பாலிசியில் பலர் கவனிக்காத பகுதி இது. என்னைக் கேட்டால், இந்த ஊரில் தொகையைக் குறைக்கவே கூடாத பகுதியும் இதுதான். உங்கள் நாய்க்கு ஆகும் மருத்துவச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உங்கள் நாயைக் கண்டு மிரண்டு பைக்கிலிருந்து விழுந்த மனிதனின் தலைக்காயத்துக்கு அது கிடையாது.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. சிறுமிக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. நாயின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, வளர்க்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அபராதத்தையும் சிறையையும் எந்தப் பாலிசியும் ஏற்காது. கடிபட்டவருக்கு நீங்கள் சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டைத்தான் ‘மூன்றாம் நபர் பொறுப்பு’ என்ற பிரிவு ஏற்கும். வீட்டிலேயே இருப்பவரையோ உங்கள் வேலையாளையோ கடித்தால் பெரும்பாலும் ஏற்காது.

விஸ்வநத்தம் போன்ற ஊரில் குறுகிய தெருவில் வேலைக்குப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிளிலும் பைக்கிலும் வந்து போகிறார்கள். சிகிச்சைத் தொகையைக் கொஞ்சம் குறைத்தாவது மூன்றாம் நபர் பொறுப்பை நல்ல தொகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரேபீஸ் தடுப்பூசி போட்ட அட்டை இல்லாமல் இந்தப் பிரிவில் க்ளெய்ம் கேட்டு நிற்காதீர்கள். அந்த ஊசி மாட்டாஸ்பத்திரியிலேயே கிடைக்கும். ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் நாய்க்கும் சிகிச்சையில்லை, மனிதருக்கும் இல்லை.

*எங்களுடையது நாட்டு நாய். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம். இதற்கும் இன்சூரன்ஸ் தேவையா?*

பல நிறுவனங்கள் நாட்டு நாயையும் கலப்பினத்தையும் ஏற்கின்றன. சந்தை விலை இல்லாததால் இறப்புத் தொகை பெயரளவுக்குத்தான் இருக்கும். கடி, விபத்து இரண்டும் இனம் பார்த்து வருவதில்லை.

ஆனாலும், வீட்டுக்குள்ளேயே இருக்கும், தடுப்பூசி போட்ட, கருத்தடை செய்த நாட்டு நாய்க்கு, பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி இருந்து நீங்களும் அங்கேதான் போவீர்கள் என்றால், சிகிச்சைப் பாலிசி அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரீமியத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அஞ்சலகத்தில் ஆர்.டி.யாகப் போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்தாண்டுக் கணக்கு. பிரீமியம் ஆண்டுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாண்டில் 20,000 உங்கள் பெயரில் நிற்கும். இந்த வழியின் ஓட்டை எது என்றால், முதலாண்டிலேயே நாய் அடிபட்டால் கணக்கில் 4,000-க்கு மேல் இருக்காது. அந்த ஆபத்தைத் தாங்க முடியும் என்பவருக்கு ஆர்.டி.; முடியாதவருக்குப் பாலிசி.

எந்த வழியில் போனாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். நாய் பாலிசிகளில் பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டி, பில்லைக் கொடுத்துப் பிறகு வாங்க வேண்டும். அன்று இரவு மருத்துவமனை கவுண்டரில் நிற்கும்போது பாலிசி பணம் தராது. இதைத் தெரியாமல் எடுத்தவர்கள்தான் ‘இன்சூரன்ஸே ஏமாற்று’ என்று திட்டுகிறார்கள்.

*கொல்லையில், ஓடைக்கரையில் பாம்பு நடமாட்டம் உண்டு. பாம்புக்கடிக்கு எவ்வளவு வைக்க வேண்டும்?*

நாய்க்கும் மனிதருக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்படும் மருந்து அது. ஒரு குப்பியோடு முடியாமல் பல குப்பிகள் ஏற்ற வேண்டிவரலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் தங்கிச் சிகிச்சை நீளும். தோட்டத்தில் நாயை அவிழ்த்துவிடும் பழக்கம் இருந்தால், பெரிய பில் எது என்று மருத்துவரிடம் கேட்கும்போது பாம்புக்கடியையும் சொல்லிக் கேளுங்கள். பூச்சிமருந்தையும் எலிமருந்தையும் அதே பட்டியலில் சேருங்கள்.

*நாய்க்கு எட்டு வயதாகிறது. இப்போது எடுக்கலாமா?*

பல நிறுவனங்களில் ஏழு, எட்டு வயதோடு புதுப் பாலிசிக்கு வாசல் அடைபடுகிறது. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற மிகப் பெரிய இனங்களுக்குச் சில நிறுவனங்களில் நான்கு வயதோடு சரி. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு எங்குமே பணம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதிலிருந்து இளம் நாய் வைத்திருப்பவருக்கு ஒரு பாடம். மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டில் நிறுவனம் மாறினாலும் காத்திருந்த காலத்தின் பலன் கூடவே வரும். நாய் பாலிசியில் அந்த உரிமையை நம்பி மாறாதீர்கள். பழைய நிறுவனத்தில் சிகிச்சை பெற்ற தோல் நோய், புது நிறுவனத்தின் கண்ணில் ‘முன்பே இருந்த நோய்’. ஆகவே தொடக்கத்திலேயே பத்து வயது வரை தொடர்ந்து கட்ட முடிகிற அளவு தொகையை எடுங்கள்.

குட்டி வைத்திருப்பவர்கள் தடுப்பூசி அட்டையைப் பத்திரம் போல வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்தவை, மூன்று மாதத்தில் ரேபீஸ், அதன்பின் ஆண்டுதோறும். ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவை ஊசி போடாத நாய்க்கு வந்தால் நிறுவனங்கள் பணம் தருவதில்லை. பாலிசி தொடங்கிய பிறகும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. குட்டி சோர்ந்து படுத்த பிறகு ஓடிப்போய் எடுத்துப் பலனில்லை.

*மாட்டுக்குக் காதில் தோடு போடுகிறார்கள். நாய்க்கு என்ன அடையாளம்?*

மாட்டு இன்சூரன்ஸில் தோடு இல்லையேல் பணம் இல்லை என்பது நம் விவசாயிகளுக்கு மனப்பாடம். நாய்க்கு அந்த இடத்தில் மைக்ரோசிப். அரிசி மணி அளவில் ஒரு சிப்பை மருத்துவர் ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்; கருவியைக் காட்டினால் அதன் எண் தெரியும். சில நிறுவனங்கள் சிப் வைத்த நாய்க்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நம் பக்கம் கட்டாயம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு வெள்ளை ராஜபாளையங்களில் எது பாலிசியில் இருப்பது என்று புகைப்படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

*க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். எங்கே போவது?*

முதலில் மறுப்புக்கான காரணத்தைப் பாலிசியின் எந்த விதி என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு மனு கொடுங்கள். அதில் தீராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். நுகர்வோர் வழக்கு என்றால் நம் மாவட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

எங்கே போனாலும் கேட்கப்போவது காகிதம். பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து இல்லாத பில் நிற்காது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைக்கும், வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போகும் பதிவில்லாத ஆளுக்குக் கொடுத்த பணத்துக்கும் ஒரு ரூபாய்கூட வராது. தடுப்பூசி அட்டை, சிப் எண், பாலிசிப் பத்திரம், ஏஜென்ட் எழுத்தில் தந்த பதில்கள், ஒவ்வொரு சிகிச்சையின் மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, பில் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள். விபத்து என்றால் நாயைத் தூக்குமுன் ஒரு படம், மருத்துவமனையில் ஒரு படம். நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல பாலிசியில் எத்தனை மணி நேரம் தந்திருக்கிறார்கள் என்று இன்றே பார்த்து, அந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் பதிந்துவையுங்கள்.